நோய் குடியிருக்கும் முற்றம்

நாய்க்குட்டி வளர்க்கும் எல்லோருக்கும் ஒரு நாள் இந்தச் சந்தேகம் வரும். தெருவில் குப்பையைக் கிளறித் தின்று, மழையில் நனைந்து, வெயிலில் திரியும் நாய் திடமாக இருக்கிறது. வேளைக்குச் சோறும் மீனும் தின்று, விறாந்தையில் சாக்கு விரித்துப் படுக்கும் வீட்டுக் குட்டியோ வயிறு ஊதி, முதுகெலும்பு தெரிய மெலிந்து, ஒரு மாதம் நிறையும் முன்பே சுருண்டுவிடுகிறது. பூச்சி மருந்து கொடுத்தால் சில வாரம் தேறுகிறது, பிறகு மறுபடியும் மெலிகிறது. உண்ணியும் அப்படித்தான்: இன்று பொறுக்கி எடுத்தால் அடுத்த கிழமை காதோரத்தில் மீண்டும் வரிசையாகத் தொங்குகிறது. கவனித்து வளர்க்கும் பிராணிக்கு நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேட நுரைச்சோலை நல்ல இடம். புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டில், மேற்கே கடலும் கிழக்கே புத்தளம் களப்பும் இருக்க, இடையில் கிடக்கும் மணல் நிலம் அது. 2011இல் இயங்கத் தொடங்கிய லக்விஜய அனல்மின் நிலையத்தால் வெளியூர்களில் அதன் பெயர் பரவியது. ஊரின் அன்றாட வாழ்க்கை கடலையும் தோட்டத்தையும் நம்பியது. கரையில் வள்ளங்களும் வலைகளும், உள்ளே வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளையும் பாத்திகள். ஆண்டின் பெரும்பகுதி வறட்சி. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையில்தான் நல்ல மழை. மற்ற மாதங்களில் கிணற்று நீரை இறைத்துத் தெளித்தே பயிர் வளர்கிறது. தோட்டத்துக்குக் காவலாக நாயும், வீட்டில் எலியைப் பிடிக்கவும் பிள்ளைகளின் மடியில் உறங்கவும் பூனையும் இருக்கின்றன. மணல், வெயில், நீர், மீன், வெங்காயம் ஆகிய இந்த ஐந்தும் அங்குள்ள நாய், பூனைகளின் உடல்நலத்தைத் தீர்மானிக்கின்றன.

கணக்கில் வராத குட்டிகள்

முதலில் தெரு நாயைப் பற்றிய எண்ணத்தைச் சரிசெய்ய வேண்டும். தெருவில் கண்ணில் படுபவை பிழைத்த நாய்கள் மட்டுமே. பிழைக்காதவை புதருக்குள்ளும் வடிகாலுக்குள்ளும் யாரும் காணாமல் முடிந்துபோகின்றன. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மேற்கு வங்காளத்தில் தெரு நாய்களின் 95 ஈற்றுகளைத் தொடர்ந்து கவனித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 19 மட்டுமே இனப்பெருக்க வயதை எட்டின. அதாவது ஐந்தில் நான்கு குட்டிகள் வளர்ந்த நாயாக ஆகவே இல்லை. பாதிக்கு மேற்பட்ட இழப்புகளுக்கு வாகனம், அடி, தூக்கிச் செல்லுதல் என மனிதர்களே காரணமாக இருந்தார்கள். மீதியில் நோய்க்கும் பங்கு இருந்தது.

ஆகவே தெரு வாழ்க்கை நாயைத் திடப்படுத்துவதில்லை. தாங்க முடியாதவற்றை அது சிறுவயதிலேயே கழித்துவிடுகிறது. வீட்டில் வளரும் குட்டி, தெருவில் செத்துப்போகும் அந்த நான்கில் ஒன்றாகவும் இருக்கலாம். அதைப் பிழைக்க வைப்பதுதான் வளர்ப்பவரின் வேலை. அதற்கு, குட்டியைத் தாக்குவது எது, அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும்.

ஒரு புழு, ஒரு கணக்கு

நாய்க்குட்டியை மெலிய வைப்பவற்றில் முதன்மையானது கொக்கிப்புழு. ஒரு சென்ரிமீற்றர் அளவு நீளமும் நூல் போன்ற பருமனும் கொண்டது. வாயிலுள்ள பற்களால் சிறுகுடலின் உட்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. இதன் ஓர் இனத்தின் அறிவியற் பெயரிலேயே இலங்கை இருக்கிறது. ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளர் 1911இல், இலங்கையின் மரநாய் வகை விலங்கொன்றிலிருந்து எடுத்த புழுவுக்கு ‘அன்சிலோஸ்டோமா சிலானிக்கம்’ என்று பெயரிட்டார். நாய், பூனை, மனிதர் மூவரின் குடலிலும் வாழக்கூடிய புழு அது. நாய்களில் மிகுதியாக இரத்தம் குடிக்கும் இனம் ‘அன்சிலோஸ்டோமா கனைனம்’.

இந்த இரண்டாவது இனத்தின் புழு ஒன்று ஒரு நாளில் ஏறத்தாழ 0.1 மில்லிலீற்றர் இரத்தம் இழக்கச் செய்யும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் மூன்று வார வயதுடைய, ஒரு கிலோகிராம் நிறையுள்ள குட்டியை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தால் நிலைமை விளங்கும். ஒரு கிலோகிராம் உடலுக்கு ஏறக்குறைய 80 முதல் 90 மில்லிலீற்றர் இரத்தம் இருக்கும். ஒரு தேநீர்க் கோப்பை கூட நிறையாது. அதன் குடலில் 100 புழுக்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 10 மில்லிலீற்றர் போகிறது. உடலில் உள்ளதில் எட்டில் ஒரு பங்குக்குக் கிட்ட. நான்கு நாளில் இழந்தது மொத்தத்தில் பாதியை நெருங்கிவிடும். குட்டியின் எலும்பு மச்சை புது இரத்தம் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதற்கு இரும்புச்சத்து வேண்டும், தாய்ப்பாலிலோ இரும்பு குறைவு. வரவு சிறிது, செலவு பெரிது. எவ்வளவு சோறு போட்டாலும் இந்தப் பற்றாக்குறை தீராது.

மூன்று வாரக் குட்டிக்கு இத்தனை புழு எப்படி வந்தது? இங்கேதான் பலர் தவறவிடும் வழி இருக்கிறது. கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வளர்ந்த நாயின் உடலில் புகும்போது எல்லாமே குடலுக்குப் போவதில்லை. ஒரு பகுதி தசைக்குள் போய் அசையாமல் தங்கிவிடுகிறது. இதை ‘உறங்குநிலை’ எனலாம். பெட்டை நாய் குட்டி ஈன்று பால் சுரக்கத் தொடங்கும்போது உறங்கிய புழுக்கள் விழித்து, பாலோடு குட்டியின் வாய்க்குள் போகின்றன. தாய் பார்வைக்கு நலமாகவே இருக்கும். குட்டி முதல் சில நாட்களில் குடித்த பாலிலேயே நோய் வந்துவிடும். மலத்தில் புழுவின் முட்டை தென்படுமுன்பே குட்டி வெளிறிச் சாகவும் கூடும்.

அதனால்தான் கால்நடை வைத்தியர்கள் குட்டிக்குப் புழு மருந்தை இரண்டாம் வாரத்திலேயே தொடங்கச் சொல்கிறார்கள்: 2, 4, 6, 8 ஆம் வாரங்களில் ஒவ்வொரு முறை, பின்னர் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தாய்க்கும் அதே நாட்களில் கொடுக்க வேண்டும். பூனைக்குட்டிக்கு மூன்றாம் வாரம் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அளவு நிறையைப் பொறுத்தது. ஆகவே குட்டியை நிறுத்துவிட்டுத்தான் மருந்து கேட்க வேண்டும்.

மணலுக்குள் நடப்பது

மருந்துக்குப் பிறகும் நோய் திரும்புவது ஏன்? குடலில் உள்ள பெண் புழு ஒன்று நாளொன்றுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் முட்டையிடும். மேற்சொன்ன குட்டியின் 100 புழுக்களில் 50 பெண் என்றால், அதன் மலத்தில் தினமும் ஐந்து இலட்சம் முட்டைகள் முற்றத்துக்கு வருகின்றன. வந்த அன்றே அவற்றால் யாருக்கும் தீங்கில்லை. ஈரமும் நிழலும் வெப்பமும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரிக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் இளம்புழு தொற்றக்கூடிய பருவத்தை அடைந்து மணலில் காத்திருக்கும். நாய் படுத்தால் தோல் வழியே நுழையும். பாதத்தை நக்கினால் வாய் வழியே போகும்.

களிமண்ணைவிட மணல்தான் இந்த இளம்புழுவுக்கு ஏற்றது. மணற்பருக்கைகளுக்கு இடையே காற்றும் மெல்லிய நீர்ப்படலமும் இருக்கும். இளம்புழு அந்தப் படலத்தில் எளிதாக நகரும். ஆனால் நேர்வெயிலில் காய்ந்த மணலில் அது விரைவில் உலர்ந்து இறந்துவிடும். நுரைச்சோலை போன்ற வறண்ட ஊரில் ஆபத்து எல்லா மணலிலும் இல்லை என்பதை இதிலிருந்து அறியலாம். கிணற்றடி, குளிக்கும் இடத்து நீர் வழியும் வாழையடி, நீர் தெளிக்கும் பாத்தியின் ஓரம், தென்னை நிழலில் நாய் தோண்டிப் படுக்கும் குழி ஆகிய இவைதாம் ஆபத்தான இடங்கள். வெயிலுக்கு நாய் நாடும் குளிர்ந்த ஈர மணலையே புழுவும் நாடுகிறது.

மாத்திரையின் எல்லை இப்போது தெளிவாகும். அது குடலுக்குள் இருக்கும் புழுவைக் கொல்லும். தசையில் உறங்குவதைத் தொடாது. மணலில் காத்திருப்பதையும் தொடாது. மருந்து தின்ற நாய் மறுநாளே அதே குழியில் போய்ப் படுத்தால், இரண்டு மூன்று வாரத்தில் அதன் குடலில் புதிய புழுக்கள் முட்டையிடத் தொடங்கும். மருந்து பழுதில்லை. நோயின் பாதி முற்றத்தில் இருக்கிறது. மருந்து மற்றப் பாதிக்கு மட்டும் போகிறது.

ஒரு நாள் கெடு

நல்ல செய்தி ஒன்று உண்டு. மலத்தில் வெளிவரும் மூன்று முக்கிய ஒட்டுண்ணிகளுக்கும் தொற்றும் பருவத்தை அடையக் கால அவகாசம் தேவை. கொக்கிப்புழுவுக்கு ஏறத்தாழ ஒரு வாரம். உருளைப்புழு முட்டைக்கு இரண்டு வாரம் அல்லது அதற்கு மேல். பூனையின் மலத்தில் வரும் டொக்சோபிளாஸ்மா என்ற நுண்ணுயிருக்கு ஒரு நாள் முதல் ஐந்து நாள். இந்தக் கடைசி ஒன்று கருவுற்ற பெண்ணைத் தொற்றினால் வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியது.

மூன்றுக்கும் பொதுவான கெடு ஒரு நாள். அன்றன்று மலத்தை அள்ளி அகற்றும் வீட்டில் இந்த மூன்று சுற்றும் ஒரே வேலையில் அறுந்துபோகும். அள்ளியதைக் கிணற்றருகிலோ பாத்தியிலோ புதைக்கக் கூடாது. மலசலகூடக் குழிக்குள் இடுவது சிறந்தது. பூனை தளர்ந்த மணலைத் தேடி மலம் கழித்து மூடும் பழக்கமுள்ளது. பிள்ளைகள் விளையாடும் மணற்குவியலும் புதிதாகக் கொத்திய பாத்தியும் அதற்கு மிகப் பிடித்தவை. வீட்டின் ஒரு மூலையில் ஆழமில்லாத பெட்டியில் காய்ந்த மணலை நிரப்பி வைத்து, தினமும் அள்ளிச் சுத்தம் செய்தால் பூனை அதற்குப் பழகிவிடும். கருவுற்ற பெண் அந்த வேலையைச் செய்யாமல் வேறொருவர் செய்வது நல்லது.

இது பிராணிக்கு மட்டுமான பாதுகாப்பு அன்று. நாய், பூனைக் கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலுடன் ஓடும் பிள்ளையின் தோலுக்குள் புகுந்தால், மேலும் போக வழி தெரியாமல் தோலுக்கடியிலேயே நெளிந்து திரியும். சிவந்த, வளைந்து வளைந்து செல்லும், தாங்க முடியாத அரிப்புள்ள கோடாக அது காலில் தெரியும். சிலானிக்கம் இனமோ மனிதக் குடல் வரை போய் வளர்ந்து இரத்தம் குடிக்கும். வீட்டு நாயின் புழுவும் வீட்டுப் பிள்ளையின் இரத்தசோகையும் ஒரே மணலில் இருந்து வரலாம்.

உண்ணி வாழும் இடம்

உண்ணியின் கதையும் இதே வடிவம் கொண்டது. நாயில் காணப்படும் பழுப்பு நிற உண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறை மட்டுமே இரத்தம் குடிக்கிறது: ஆறுகால் குஞ்சாக ஒருமுறை, எட்டுக்கால் இளம் உண்ணியாக ஒருமுறை, முதிர்ந்த பின் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் சில நாள் ஒட்டியிருந்து, வயிறு நிரம்பியதும் நாயிலிருந்து கீழே விழுந்துவிடும். தோலுரிப்பதும் முட்டையிடுவதும் நாய்க்கு வெளியேதான். கிடுகு வேலி, பூச்சு உதிர்ந்த சுவரின் வெடிப்பு, கட்டிலுக்கடி, நாய் படுக்கும் சாக்கின் மடிப்பு ஆகியவை அதன் வீடு. பெண் உண்ணி ஒன்று நான்காயிரம் முட்டை வரை இடக்கூடியது. இரத்தம் இல்லாமலே பல மாதம் காத்திருக்கவும் அதனால் முடியும். நாயின் மேல் பத்து உண்ணி கண்ணில் பட்டால், அதற்குப் பலமடங்கு சுவரிலும் தரையிலும் இருக்கிறது என்று கொள்ளலாம்.

இரத்தம் போவது இதில் சிறிய தீங்கு. பெரிய தீங்கு உண்ணிக் காய்ச்சல். உண்ணியின் எச்சிலோடு வரும் எர்லிக்கியா என்ற பற்றீரியாவும் பபீசியா என்ற ஒற்றைக்கல ஒட்டுண்ணியும் முறையே வெள்ளணுவையும் சிவப்பணுவையும் தாக்குகின்றன. தீன் மறுத்தல், காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம், தேநீர் நிறத்தில் சிறுநீர் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். காலத்தோடு தொடங்கினால் மருந்து வேலை செய்யும். எர்லிக்கியா சில மணி நேரத்திலேயே தொற்றிவிடும். பபீசியாவுக்கு உண்ணி ஒன்றிரண்டு நாள் ஒட்டியிருக்க வேண்டும். ஆகவே தினமும் மாலையில் காதின் உள்மடிப்பு, கழுத்துப் பட்டிக்கடி, கால்விரல் இடுக்கு, வாலடி ஆகிய நான்கு இடங்களையும் விரலால் தடவிப் பார்ப்பது பலன் தரும். உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். நெருப்பு, மண்ணெண்ணெய், வெறுங்கையால் நசுக்குதல் எதுவும் கூடாது. சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி வெயிலில் காயப்போட்டு, சுவர் வெடிப்பைச் சீமெந்தால் அடைத்தால்தான் மருந்தின் பலன் நிலைக்கும்.

தோட்டம் செய்யும் ஊரில் ஓர் எச்சரிக்கை கட்டாயம் சொல்லப்பட வேண்டும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அடிக்கும் பூச்சிகொல்லியைக் கரைத்து நாயைக் குளிப்பாட்டுவது நஞ்சூட்டுவதற்குச் சமம். வாயில் நுரை, உடல் நடுக்கம், மூச்சுத் திணறல் என்று தொடங்கி சில மணி நேரத்தில் உயிர் போகலாம். சொறிக்குப் பூசும் பழைய இயந்திர எண்ணெயும் தோலை எரித்து, நக்கும்போது உள்ளே போய்க் கெடுதல் செய்யும்.

பூனைக்கு இன்னும் கவனம் தேவை. நாய்க்கான பல உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். அதன் ஈரலில் சில இரசாயனங்களை முறித்து வெளியேற்றும் நொதி மிகக் குறைவு. அதே காரணத்தால், மனிதர் தலைவலிக்குப் போடும் பரசிற்றமோல் மாத்திரை ஒன்றே ஒரு பூனையின் உயிரை எடுக்கப் போதும். ‘காய்ச்சல்தானே’ என்று பாதி பனடோல் கொடுப்பதால் வீட்டுப் பூனைகள் இறக்கின்றன.

மீனும் வெங்காயமும்

கடலோரத்தில் தீனுக்குப் பஞ்சமில்லை. கொடுக்கும் முறையில்தான் பிழை வருகிறது. நாய் ஊனும் தாவரமும் செரிக்கும். அவித்த சோறு, மீன், முட்டை, சிறிது பூசணி அல்லது கரட் அதற்கு ஏற்கும். பூனை முழு ஊனுண்ணி. பார்வைக்கும் இதயத்துக்கும் தேவையான டோரின் என்ற சத்தை அதன் உடல் போதுமான அளவு செய்துகொள்ளாது. மீனிலும் இறைச்சியிலும் இருந்தே பெற வேண்டும். இந்தச் சத்துக் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்று 1975இலும், இதயத்தசை தளர்ந்து வீங்கும் என்று 1987இலும் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாற்சோறு மட்டும் தின்னும் பூனை வயிறு நிறைந்தும் சத்தில்லாமல் இருக்கும். டோரின் நீரில் கரையும். ஆகவே மீன் அவித்த நீரைக் கொட்டாமல் சோற்றில் ஊற்றிக் கொடுக்க வேண்டும்.

பச்சை மீனையே தினமும் போடுவதும் தவறு. சூடை, சாளை போன்ற சிறுமீன்களில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது உயிர்ச்சத்து பி1ஐ அழித்துவிடும். பல வாரம் பச்சை மீன் மட்டும் தின்ற பூனைக்குத் தலை கீழே கவிழும், நடை தள்ளாடும், வலிப்பு வரும். அவித்தால் அந்த நொதி அழிந்துபோகும். கரையில் வீசப்படும் பேத்தை மீனின் நஞ்சோ வேகவைத்தாலும் போகாது. வலை உதறும் இடத்தில் நாயையும் பூனையையும் அலையவிடாமல், பேத்தையைக் குழியில் புதைப்பது மீனவக் குடும்பங்கள் செய்யக்கூடிய எளிய உதவி.

வெங்காயம் இந்த மண்ணின் செல்வம். நாய், பூனைக்கு அது நஞ்சு. அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அவற்றின் சிவப்பணுக்களை உடைக்கின்றன. ஒரு கிலோகிராம் உடல் நிறைக்கு 5 கிராம் வெங்காயம் போனாலே பூனையின் இரத்தம் பாதிக்கப்படலாம். நாய்க்கு 15 முதல் 30 கிராம். நான்கு கிலோகிராம் பூனைக்கு 20 கிராம் என்பது சில சின்ன வெங்காயம்தான். வேகவைத்தாலும் பொரித்தாலும் இந்த நஞ்சு குறையாது. மிச்சமான மீன் குழம்பைச் சோற்றில் குழைத்து வைக்கும் பழக்கம், கொக்கிப்புழுவால் ஏற்கனவே வெளிறிய பிராணியின் மிச்ச இரத்தத்தையும் அழிக்கிறது. தாளிக்கும் முன், உப்பும் வெங்காயமும் போடாமல், அதற்கென்று இரண்டு மீனைத் தனியே அவித்து எடுத்துவைத்தால் போதும்.

வெயிலில் கட்டிய நாய்

நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்து, வாயிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே சூட்டை வெளியேற்றுகிறது. கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம், ஆவியாதல் மெதுவாகும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ் அளவு. 41 பாகையைக் கடந்தால் மூளையும் சிறுநீரகமும் பழுதடையத் தொடங்கும். நண்பகலில் திறந்த மணலில், சங்கிலியில், நீரில்லாமல் கட்டப்பட்ட நாய் மிகக் குறுகிய நேரத்தில் அந்த எல்லைக்குப் போய்விடும். மணலில் புறங்கையை வைத்து ஐந்து வினாடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. நிழல், காற்றோட்டம், கவிழாத பாத்திரத்தில் வீட்டார் குடிக்கும் அதே நல்ல நீர் ஆகிய மூன்றும் எந்நேரமும் இருக்க வேண்டும். வெப்பத்தால் தள்ளாடும் நாயை நிழலுக்கு மாற்றி, உடலெங்கும் சாதாரண நீரூற்றி, விசிறியபடியே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஊசி ஏன் மூன்று முறை?

முற்றத்தைத் துப்புரவாக்கி நிறுத்த முடியாதவை வைரசு நோய்கள். அவற்றில் இரண்டு வீட்டுக் குட்டிகளை அதிகம் கொல்கின்றன: 1978இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய பார்வோ, அதைவிடப் பழைய டிஸ்டெம்பர். பார்வோ வைரசு மண்ணில் பல மாதம் அழியாமல் கிடக்கும். செருப்பிலும் ஒட்டி வரும். பூனைகளிலும் பார்வோவை ஒத்த வைரசு ஒன்று குடலையும் வெள்ளணுவையும் அழிக்கிறது.

ஊசி போட்டும் குட்டி செத்தது என்று சிலர் மனம் நோவார்கள். காரணம் இதுதான். குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் வருகின்றன. அவை சில வாரம் குட்டியைக் காக்கும். அதே வேளை ஊசி மருந்தையும் எதிரியென்று செயலிழக்கச் செய்துவிடும். அவை குறைந்து மறையும் நாள் குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஒன்றுக்கு ஏழாம் வாரம், இன்னொன்றுக்குப் பதினாலாம் வாரம். அந்த நாளை வெளியிலிருந்து அறிய முடியாததால், ஆறு முதல் எட்டாம் வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறாம் வாரம் வரை ஊசி திரும்பப் போடப்படுகிறது. ஒரே ஊசியோடு நின்றுவிட்ட குட்டி பாதுகாப்பற்ற குட்டியே. தொடர் முடியும் வரை அதைப் பிற நாய்கள் நடமாடும் இடத்துக்கு விடக் கூடாது.

விசர் நாய்க்கடி நோய் எனப்படும் நீர்வெறுப்பு நோய் தனி இடம் பெறுகிறது. அறிகுறி வந்தபின் மனிதரோ பிராணியோ பிழைப்பது ஏறத்தாழ இல்லை. ஆனால் தடுப்பூசியால் முழுமையாகத் தடுக்கலாம். இலங்கையில் இதற்கான சட்டம் 1893லேயே வந்தது. 1973இல் ஒரே ஆண்டில் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். நாய்களுக்குப் பரவலாகத் தடுப்பூசி போட்டதன் பயனாக அண்மைய ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை முப்பது அளவுக்கும் அதற்குக் கீழும் இறங்கியிருக்கிறது. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு 70க்குத் தடுப்பூசி போடப்பட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துபோகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அரசு நாய்களுக்கு இந்த ஊசியை இலவசமாகவே போடுகிறது. முகாம் எப்போது நடக்கும் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டறியலாம். பூனைக்கும் போட வேண்டும். நாயோ பூனையோ கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, நேரே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வாரம் ஒருமுறை, ஐந்து நிமிடம்

நோய் முற்றுமுன் அதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. வெளிச்சத்தில் பிராணியை மடியில் இருத்தி மேலுதட்டை மெல்லத் தூக்கினால் ஈறு தெரியும். அது இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரல் நுனியால் ஈறை அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் மறுபடி சிவக்கும். அதற்கு மேல் எடுத்தால் இரத்த ஓட்டம் குறைவு. ஈறே சுண்ணாம்பு போல் வெளிறியிருந்தால் இரத்தமே குறைவு. கொக்கிப்புழு, உண்ணிக் காய்ச்சல், வெங்காயம் மூன்றும் அங்கேதான் முதலில் தெரியும். ஈறு இயற்கையிலேயே கறுத்த நாய்க்குக் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பார்க்கலாம்.

பிறகு விலா எலும்பை விரலால் தடவ வேண்டும். எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. காதில் நாற்றம், கறுத்த அழுக்கு உண்டா, பாதத்தில் வெடிப்போ தூண்டில் முள்ளோ உண்டா, மலம் தார் போல் கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறுத்த மலம் குடலில் இரத்தம் கசிவதன் அடையாளம். மாதம் ஒருமுறை நிறையைக் குறித்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத மெலிவும் எண்ணில் தெரியும். ஆண் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கிச் சொட்டும் வராவிட்டால் அது அன்றே வைத்தியரிடம் போக வேண்டிய அவசரம்.

கடைசியாக, கருத்தடை. பூனையும் நாயும் ஒன்பது வாரமே சினை சுமக்கின்றன. வளர்க்க வழியில்லாத ஈற்றுகள் கரையிலும் சந்தையடியிலும் விடப்படும்போது, ஐந்தில் நான்கு சாகும் அந்தப் பழைய கணக்கு மறுபடி தொடங்குகிறது. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த பெட்டை நாய்க்கு மார்புக்கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். கருப்பை எடுக்கப்படுவதால் அதில் சீழ்பிடிக்கும் நோயும் வராது.

பிராணியின் நலம் மருந்துப் போத்தலில் மட்டும் இல்லை. அது படுக்கும் மணல், உறங்கும் சாக்கு, உண்ணும் தட்டு, நிற்கும் நிழல் ஆகியவற்றிலும் இருக்கிறது. மலத்தை அன்றன்று அகற்றுங்கள், புழு மருந்தையும் ஊசியையும் உரிய வாரத்தில் கொடுங்கள், வெங்காயமில்லாத தீனைத் தனியே எடுத்துவையுங்கள், வாரம் ஒருமுறை ஈறைப் பாருங்கள். இந்த நான்கையும் தவறாமல் செய்யும் வீட்டில் குட்டி பிழைக்கும். அதோடு விளையாடும் பிள்ளையும் நலமாக இருக்கும்.